சுவரோடு சேர்த்துப் பன்னிரண்டடி

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க.

கனகவேலைத்தானே பார்க்க வந்தீங்க? வருவான். பத்து மணிக்கு உங்களை வரச் சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகப் பூச்சுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று நான் சொல்லக் கூடாது. நான் எதுவுமே சொல்லக் கூடாது. அப்படித்தான் உத்தரவு. "அப்பா, இன்னிக்கு பேங்க் மேனேஜர் ஒருத்தர் வர்றார். ஊருக்குப் புதுசு. வீடு கட்டணும்கிறார். இந்த ஒரு வேலையாவது நமக்கு அமையணும். இல்லன்னா தொழிலை மூடிட்டு வேற ஊர் பார்க்கணும். தயவுசெஞ்சு நீங்க வாயைத் திறக்காதீங்க." தயவுசெய்தாம். பெற்ற அப்பனிடம்.

சரி, நான் பேசவில்லை. காபி சாப்பிடுங்க.

உள்ளே பாத்திரம் உருளுது, கேட்கிறதா? கை தவறி விழவில்லை. என் மருமகள் சுகந்தி. நான் வாயைத் திறந்தால் ஒரு பாத்திரம் விழும். போன வாரத்திலிருந்து இதுதான் சங்கீதம்.

நீங்களே சொல்லுங்க. வங்கியில் இருக்கிறவர், கணக்குத் தெரிந்தவர். ஓர் அறை பன்னிரண்டடிக்கு எட்டடி என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம்?

உள்ளே அளந்தால் பன்னிரண்டுக்கு எட்டு. அப்படியா. நீங்களும் அந்தக் கட்சிதான். பரவாயில்லை. படித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். சுவர் எங்கே நிற்கும் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. ஆகாயத்திலா நிற்கும்?

கோபமாகப் பேசவில்லை. என் குரலே இதுதான்.

இங்கே கிளை நூலகத்தில் வருஷா வருஷம் புதிர்ப் போட்டி வைப்பார்கள். வாசகர் வட்டம் நடத்துவது. பெரியவர், சின்னவர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஜெயித்தால் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். கடிகாரம் இந்த வீட்டில் ஏற்கனவே மூன்று ஓடுது, மூன்றும் மூன்று நேரம் காட்டும். எனக்கு அது பெரிசில்லை. அந்த மேடையில் வருஷா வருஷம் வாத்தியார்களே ஏறுவார்கள், வாத்தியார்களே சால்வை போட்டுக்கொள்வார்கள். அங்கே நமக்கு என்ன வேலை என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருஷப் புதிரில் ஓர் அறையைக் கொடுத்தார்கள். அறை என்றால் என் தொழில். விடுவேனா?

புதிர் இதுதான். ஓர் அறை, நீளம் பன்னிரண்டடி, அகலம் எட்டடி. ஒரு மூலையிலிருந்து தரையோடு ஒரு பந்தை உருட்டுகிறார்கள். மூலையைச் சரிபாதியாகப் பிளந்தமாதிரி குறுக்கே போகிறது. சுவரில் இடித்தால், எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் திரும்பும். வேகம் குறையாது. எத்தனை தடவை சுவரில் மோதும்? கடைசியில் எந்த மூலையில் போய் விழும்?

பார்த்ததும் நூலகருக்குப் போன் போட்டேன். "அறைக்குக் கதவு எந்தப் பக்கம்?" என்றேன். "கதவு இல்லைங்கய்யா" என்றார். கதவில்லாத அறைக்குள் எவன் போய்ப் பந்தை உருட்டினான்? சரி, போகட்டும். "சுவர் கனம் ஒன்பது இஞ்சா, நாலரை இஞ்சா?" என்றேன். "உங்க இஷ்டம்ங்கய்யா" என்றார். அவரே சொன்னார், தம்பி. உங்க இஷ்டம் என்று. பின்னால் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

சுற்றுச்சுவர் ஒன்பது இஞ்சுதான். வேறே எப்படி? அடுத்த அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர். பாதி எனக்கு, பாதி அவனுக்கு. அதுதான் நியாயம். அப்போது அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி, ஆக ஒன்பது இஞ்சு சுவருக்குப் போச்சு. நீளத்தில் பதினொன்றேகால் அடி மிச்சம். அகலத்தில் ஏழேகால். பந்து அதற்குள்ளேதான் உருளும். சுவருக்குள் புகுந்தா உருளும்?

மொட்டை மாடியில் நூல் பிடித்துச் சுண்ணாம்பில் அறையைப் போட்டேன். சுகந்தி காயப்போட்ட துணியையெல்லாம் சுருட்டி ஓரமாக வைத்தேன். அதற்கு ஒரு சண்டை. மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு கோடாக இழுத்தேன். போகுது, இடிக்குது, திரும்புது. போகுது, இடிக்குது, திரும்புது. மூலைக்குப் பக்கத்தில் வரும், இதோ விழப்போகிறது என்று பார்ப்பேன், மூன்று இஞ்சு தள்ளி இடித்துவிட்டு மறுபடி ஓடும். முட்டி தேய்ந்துபோனது. இந்த வயசில் தரையில் தவழ்ந்துகொண்டு நான். ஒரு நாளில் முடியவில்லை. நடுவில் மழை வேறு பெய்து பாதியை அழித்தது. திரும்பவும் போட்டேன்.

எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு தடவை சுவரில் மோதி, குறுக்கே எதிர்மூலையில் போய் விழுகிறது. பூச்சு கனத்தை நான் எடுக்கவில்லை. அதையும் கழித்திருந்தால் அந்தப் பந்து இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

கனகவேல் மாடிக்கு வந்தான். கோடுகளையெல்லாம் பார்த்தான். "என்னப்பா இது?" என்றான். சொன்னேன். பாலிடெக்னிக் படித்தவன் இல்லையா, உடனே விரல் விட்டு எண்ணினான். "அப்பா, இது மூணே மோதல்ப்பா. நீளச் சுவர்ல ஒண்ணு, கடைசிச் சுவர்ல ஒண்ணு, எதிர்த்த நீளச் சுவர்ல ஒண்ணு. அப்புறம் புறப்பட்ட மூலைக்குப் பக்கத்து மூலை. அறைன்னா உள்ளளவுப்பா."

"எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான்ப்பா."

"நான் சொல்லலையே. நாற்பது வருஷமா நான் போட்ட அறையெல்லாம் சுவரோடு சேர்த்துத்தானேடா?"

முகம் செத்துப்போனது அவனுக்கு. மெதுவாகச் சொன்னான்: "அதை ஏம்ப்பா ஒரு காகிதத்தில எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறீங்க? வேண்டாம்ப்பா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்." நிஜமாகவே குனிந்துவிட்டான், தம்பி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பொறாமை. படிக்காத அப்பன் மேடையேறி ஜெயித்துவிட்டால், படித்த பிள்ளை எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்?

பாத்திரம் விழுந்தது. பரவாயில்லை. அது எவர்சில்வர், உடையாது.

போட்டி நாள் வந்தது. நல்ல கூட்டம். ஞானப்பிரகாசம் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர்தான் நடுவர். விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். மூன்று. மூன்று. மூன்று. ஒரு பொம்பளைப் பிள்ளை ஐந்து என்று எழுதியிருந்தது. மறுபடி மூன்று. அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்: "கோட்டைச்சாமி மேஸ்திரி. எழுபத்திரண்டு."

கூட்டமே சிரித்தது. பின்வரிசையில் எவனோ, "மேஸ்திரி பந்துக்குப் பேட்டரி போட்டிருக்கார்டோய்!" என்று கத்தினான். 

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மேசையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "ஐயா, மேலே வாங்க. இது குருட்டாம்போக்கில வர்ற எண் இல்லை. எப்படி வந்தது?" என்று கூப்பிட்டார்.

ஏறினேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொன்னேன். உங்களுக்குச் சொன்னமாதிரியே, பாதிச் சுவர் எனக்கு, பாதிச் சுவர் அவனுக்கு. பதினொன்றேகால், ஏழேகால். அவர் கேட்டுக்கொண்டே வந்து தலையாட்டினார். "அருமை. நீங்க எடுத்துக்கிட்ட அளவுக்கு எழுபத்திரண்டு ரொம்பச் சரி. எதிர்மூலையும் சரி. ஆனா ஐயா, பன்னிரண்டுக்கு எட்டுன்னு சொன்ன பிறகு யாராவது சுவரைக் கழிப்பாங்களா?"

"ஏன் கழிக்க மாட்டாங்க? இந்த ஊரில் வந்து அளந்து பாருங்க. நான் கட்டின எந்த வீட்டில வேணும்னாலும் டேப்பைப் போடுங்க. முக்கால் அடி குறையாம இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன்.

மைக்கில். நல்ல மைக்.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தனும் தட்டவில்லை. முதல் வரிசையில் மருந்துக்கடை தங்கமாரி உட்கார்ந்திருந்தான். அவன் கடை நான் கட்டியது. மெதுவாக எழுந்தான்.

"மேஸ்திரி, என் கடை பத்துக்குப் பத்துன்னுதானே பேசினோம்?"

"ஆமா. பத்துக்குப் பத்துதான். சுவரோட."

"அப்ப உள்ள?"

"ஒன்பதேகால். கணக்குப் போட்டுக்கோயேன்."

"பத்தடிக்கு மர அலமாரி செஞ்சு கொண்டுவந்து அது உள்ள நுழையலயே. ஆசாரிதான் அளவைத் தப்பா எடுத்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அந்த ஆளோட பேச்சுவார்த்தையே விட்டுட்டேனே மேஸ்திரி!"

"ஆசாரி கடைக்குள்ள வந்து அளந்துட்டுப் போயிருக்கணும். அது அவன் தப்புத்தான்" என்றேன். என்ன தப்பு நான் சொன்னதில்? சொல்லுங்க. நீங்க ஒரு அலமாரி செய்தால் இடத்தைப் போய் அளக்க மாட்டீங்களா?

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்தார்கள். "என் பூஜையறை?" "எங்க மாடி ரூம்?" "கட்டில் போட்டா கதவு திறக்கலியே, அது இதனாலதானா?" சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. நான் மைக்கில் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். உனக்கு ஒன்பது இஞ்சு. உனக்கும் ஒன்பது. உன் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் நாலரை, அது உள்சுவர். யாருக்கும் கூடக் குறைய வைத்தது கிடையாது. எல்லாருக்கும் ஒரே கணக்கு. நாணயம் என்றால் அதுதானே?

அப்போதுதான் கனகவேல் மேடைக்கு வந்தான். என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். பிடுங்கவில்லை, வாங்கினான். "தப்பு எங்களோடதுதான். அவரவர் வீட்டை அளந்து வைங்க. நான் ஒவ்வொரு வீடா வந்து பார்க்கிறேன். எதைச் சரி பண்ண முடியுமோ பண்ணித் தர்றேன்" என்றான்.

எவன் கேட்டான் இவனை? ஜெயிக்க இருந்தேன், தம்பி. பேராசிரியர் வாயாலேயே ரொம்பச் சரி என்று வந்துவிட்டது. இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருந்தால் சால்வை என் தோளில். இவன் வந்து தப்பு என்று ஒத்துக்கொண்டான். அதற்கப்புறம் எவன் கொடுப்பான்? அந்தக் கடிகாரத்தை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு ஸ்கூல் வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். மூன்று. மூன்று என்று எழுத ஒரு ஆள் எதற்கு?

மறுநாள் ஊரெல்லாம் அளவு. ஆணிக்கடையில் டேப் தீர்ந்துபோய்விட்டதாம். என்னைப் பார்த்ததும் கையை விரித்து முக்கால் அடி காட்டிச் சிரிக்கிறான்கள். டீக்கடையில், "மேஸ்திரிக்கு முக்கால் டம்ளர் போடுங்க, டம்ளரோட சேர்த்து முழுசு" என்கிறான் ஒருத்தன். நான் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். பேசி வைத்திருந்த ரெண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போச்சு. ஒருத்தர் வாசலுக்கே வந்து, "உங்க பையனைச் சொல்லலை. ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சுகந்தி கதவுக்குப் பின்னால் நின்று அழுதது. எதற்கு அழ வேண்டும்? இரண்டு வீடு போனால் நாலு வீடு வரும்.

கனகவேல் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நானும் திட்டுவேன், முடிந்துவிடும். அவன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். எழுந்து போகிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன தம்பி, பையைத் தூக்குகிறீர்கள்? போகிறீர்களா? இருங்க, வந்துவிடுவான்.

என்ன கேட்கிறீங்க? கனகவேலும் அதே அளவில்தான் கட்டுகிறானா என்றா?

அதைக் கேட்காதீங்க. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இவனுக்குத் தொழில் வரவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக இவன் எடுத்த முதல் வேலை, பின்தெருவில் பேபி டீச்சர் வீடு. அஸ்திவாரத்துக்கு முளை அடித்துக் கயிறு கட்டினான். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு வருகிறமாதிரி முளையைத் தள்ளி அடித்திருக்கிறான். பைத்தியக்காரன். சின்னப்பயல், தெரியாமல் செய்திருக்கிறான் என்று நானே பிடுங்கி, உள்ளே தள்ளி அடித்துவிட்டு வந்தேன். காலையில் போனால் முளை மறுபடி வெளியே இருக்கு. நான் உள்ளே அடித்தேன். மறுநாள் திரும்ப வெளியே. கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? கல்லையே பதித்துவிட்டான், நான் பிடுங்க முடியாதபடி.

"ஏண்டா, பத்துக்குப் பன்னிரண்டுன்னுதானே பேச்சு? உள்ள முழுசா கொடுத்தா சுவரை யார் வீட்டு இடத்தில வைக்கிறது? கல்லும் மண்ணும் கூடப் போகுதே, எவன் தருவான்?" என்றேன்.

"நான் தர்றேன்ப்பா" என்றான். அவ்வளவுதான். வேறு பேச்சில்லை.

அன்றிலிருந்து எல்லா வீடும் அப்படித்தான். அறை அறையாகப் போய் அளந்து பாருங்க, பேசினது எதுவோ அது சுவருக்குச் சுவர் அப்படியே இருக்கும். ஓர் இஞ்சு கூட மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை. பூச்சு கனத்துக்குக் கூட முன்னாலேயே அரை இஞ்சு விட்டுவிடுகிறான்! இவனுக்கு ஒரு வீட்டில் என்ன நிற்கும்? அதுதான் இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு ஜல்லி கலக்குகிற மிஷின் வாங்க முடியவில்லை. இதைப் போய்ச் சொல்லிக்கொள்ளவும் மாட்டான். நான் இல்லாதபோது டீச்சரம்மா இவனிடம் கேட்டதாம், "உங்கப்பா கட்டின வீட்டைவிட எங்க வீடு பெருசாத் தெரியுதே?" என்று. "வெள்ளையடிச்சதுல அப்படித் தெரியுது டீச்சர்" என்றானாம். வெள்ளையடித்ததிலாம்! செய்ததைக் கூடச் சொல்லத் துப்பில்லை.

இப்போது எங்கே போயிருக்கிறான் என்றா கேட்கிறீங்க? சொல்லக் கூடாது என்றான். எனக்கென்ன, சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை தங்கமாரி கடையில் இருக்கிறான். கடைக்கும் சரக்கறைக்கும் நடுவில் இருக்கிற என் ஒன்பது இஞ்சு சுவரை இடித்துக்கொண்டிருக்கிறான். நாலரை இஞ்சுச் சுவராக எழுப்பிக் கொடுக்கப் போகிறானாம். பாரம் தாங்குகிற சுவர் இல்லை, இடிக்கலாம்தான். "பாதியாவது அவருக்குத் திரும்பக் கிடைக்கட்டும்ப்பா" என்கிறான். கூலி கிடையாது. கல் இவனுடையது. சிமெண்ட் இவனுடையது. அது முடிந்ததும் பூஜையறைக்காரர் வீடாம். இப்படியே நான் கட்டின ஊரை முழுக்க இவன் இடித்துத் திரும்பக் கட்டப்போகிறானா?

சுகந்தி, பாத்திரத்தை நிறுத்திவிட்டாயா? ஏன் வாசலில் வந்து நிற்கிறாய்? நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே. இருக்கிறதைத்தான் சொன்னேன்.

என்ன தம்பி, எழுந்துவிட்டீங்க? மருந்துக்கடைக்கா? அங்கே எதற்கு? தூசியும் இடிபாடுமாக இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்க. பேபி டீச்சர் வீட்டுக்கும் போகணுமா? அந்த வீட்டிலா போய் அளக்கப் போறீங்க?

வேண்டாம் தம்பி. சொன்னால் கேளுங்க. இந்த ஊரில் எத்தனை வீடு நான் கட்டியிருக்கிறேன், அதில் ஒன்றைப் போய்ப் பாருங்க. இவன் கட்டினதைப் பார்த்து எங்க தொழிலை எடை போட்டுவிடாதீங்க!

வழியா? வலது பக்கம் திரும்பி, மூன்றாவது கடை. சுகந்தி, நீயாவது சொல்லேன், போக வேண்டாம் என்று. ஏன் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்?